குழிக்கு ஒரு செடி

செடியை அவளே பார்த்து எடுக்க வேண்டும். அவள் கையாலேயே கொண்டுவர வேண்டும். ஞாயிற்றுக்கிழமை உச்சிப்பொழுதுக்குள் அந்தக் குழியில் நட்டு, தண்ணீர் ஊற்றி, எல்லார் முன்னாலும் மூன்று தடவை வாய்விட்டுச் சொல்ல வேண்டும்: நான் வச்ச செய்வினையை நானே எடுத்துட்டேன். ரேஷன் கார்டில் பேர் சேர்க்க என்னென்ன கொண்டுவர வேண்டும் என்று ஆபீசில் சொல்கிற மாதிரிதான் எடுக்கிறவர் இதைச் சொன்னார். செய்வினை எடுக்கிறவர், கரூர்க்காரர், சம்பந்தி வீட்டுக்கு வேண்டியவர். "என்ன செடி சாமி?" என்று தம்பி பெண்டாட்டி புஷ்பலதா கேட்டதற்கு, "வச்ச கைக்குத் தெரியும், எதை நட்டா எடுபடும்னு" என்று சொல்லிவிட்டு மோர் வாங்கிக் குடித்தார். வச்ச கைக்குத் தெரியுமாம்! கயற்கண்ணிக்குச் சிரிப்புதான் வந்தது. அந்த நேரத்தில் சிரித்தால் அதற்கும் ஒரு பேர் வைப்பார்கள் என்று உதட்டைக் கடித்துக்கொண்டாள். இப்போது மணி பத்தேகால். திண்டுக்கல்லுக்கு வெளியே நத்தம் ரோட்டில் ஒரு நர்சரி, கறுப்புக் கவரில் வரிசையாக நிற்கிற செடிகள், நடுவில் ஐம்பத்து நாலு வயசில் அவள். ஊரில் மற்ற பொம்பளைகள் ஞாயிற்றுக்கிழமை கறி எடுக்க வரிசையில் நிற்பார்கள், இவள் தான் சூனியக்காரிதான் என்பதற்குச் சாட்சி சொல்ல ஒரு செடி தேடிக்கொண்டு நிற்கிறாள். வெயில் அதற்குள் முதுகில் ஏறிவிட்டது.

"வாங்கக்கா, ஆளையே காணோம்" என்று குழாயை மூடிவிட்டு வந்தாள் நர்சரிக்காரி லூர்தம்மா. "தோட்டமெல்லாம் எப்படி இருக்கு?" இருக்கு, என்றாள். வேறென்ன சொல்வது, ஒன்பது நாளைக்கு முன்னால் வெள்ளிக்கிழமை வேரோடு பிடுங்கி வெயிலில் குவித்துவிட்டார்கள் என்றா. "என்ன வேணும், சொல்லுங்க, எடுத்துத் தர்றேன்." "ஒண்ணே ஒண்ணுதான். நானே பாத்துக்கறேன்" என்றாள், அடுத்த கை படக் கூடாதே. பாரேன், நம்பாத சமாச்சாரத்துக்கும் விதியை ஒழுங்காகக் கடைப்பிடிக்கிறது இந்தப் பாழாய்ப்போன மனசு. இருபத்தெட்டு வருஷம் அரசாங்க ஆஸ்பத்திரியில், சித்த மருத்துவப் பிரிவில், மருந்து கொடுக்கிற ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்த பழக்கம், சீட்டில் எழுதினதை எழுதினபடி கொடுத்தே தீர வேண்டும். அந்த ஜன்னலில் ஒருத்தரும் அவளிடம் போயிட்டு வர்றேன் என்று சொன்னதில்லை. மருந்து வாங்குகிற இடத்தில் வர்றேன் என்று சொல்லக் கூடாது, தலையை ஆட்டிவிட்டுத் திரும்பிவிடுவார்கள். தெருவிலும் அப்படித்தான். பிள்ளைக்கு மாந்தம், கிழவனுக்குச் சளி, பின்வாசல் வழியாக வருவார்கள், கொஞ்சம் நொச்சி கிள்ளிக்கறேன், கற்பூரவல்லி ரெண்டு இலை, பறித்துக்கொண்டு சத்தமில்லாமல் போவார்கள். முன்வாசல் தம்பியுடையது. பின்கட்டு இவளுடையது, ஒரு அறை, ஒரு சமையல் மூலை, அதற்குப் பின்னால் பத்தடிக்கு இருபதடி மண். கட்டிக் கொடுத்த ஏழாவது மாசமே திரும்பி வந்த மகளுக்கு அப்பா ஒதுக்கிவிட்டுப் போனது. மாலையில் வேலை விட்டு வந்து இருட்டுகிறவரை அந்த மண்ணில்தான் குனிந்து கிடப்பாள், தூதுவளை, ஆடாதோடை, சிறியாநங்கை, சுவரோரம் நொச்சி. அதே தெருதான் வெள்ளிக்கிழமை சுவருக்கு மேல் தலையை நீட்டிக்கொண்டு நின்றது. கற்பூரவல்லி வாங்கின கைதான் வாயைப் பொத்திக்கொண்டு நின்றது. சூனியக்காரி என்று முதலில் சொன்னது யார் குரல் என்றுகூட அவளுக்குத் தெரியும், போன ஆடியில் பேரனுக்குக் கஷாயம் வாங்கிப்போன குரல்.

மண்வெட்டிச் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. பிரதீபாவுக்கு, தம்பி மகளுக்கு, கல்யாணமாகி நாலு வருஷத்தில் இரண்டு கலைந்து, இப்போது மூன்றாவது, ஆறாம் மாசம் நடக்கிறது. லேசாக ரத்தம் பட்டதும் டாக்டர் படுத்திரு என்றார், பிறந்த வீட்டுக்கு வந்து படுத்தாள். மாமியார்க்காரி சும்மா இருப்பாளா, மை போட்டுப் பார்த்தாளாம், பிறந்த வீட்டு மண்ணில் என்னவோ புதைந்திருக்கிறது என்று வந்ததாம், எடுக்கிறவரைக் கையோடு கூட்டிக்கொண்டு வந்து இறங்கினாள். வேலை சுத்தம். எலுமிச்சம்பழத்தை உருட்டினார், அது நொச்சிக்குக் கீழே போய் நின்றது. அங்கேதான் மண் பள்ளம், எதை உருட்டினாலும் அங்கேதான் போய் நிற்கும். அவர் குனிந்தபோது வேட்டி மடிப்பில் ஒரு செம்புத் தகடு மினுங்கியதைக் கயற்கண்ணி பார்த்துவிட்டாள். ஓகோ, இதை நழுவவிட்டு இதையே எடுக்கப் போகிறார், எடுத்துத் தொலையட்டும், பிள்ளைக்கு நிம்மதி கிடைத்தால் சரி என்று சமாதானமாகக்கூட இருந்தது. அப்புறம்தான் அவர் நிற்கிற இடம் உறைத்தது, வேண்டாம் அங்கே வேண்டாம் என்று சொல்ல வாயெடுப்பதற்குள் நாலாவது வெட்டில் மண்வெட்டி ணங்கென்றது. அந்த மனுஷன் முகத்தைப் பார்த்திருக்க வேண்டுமே! ரத்தம் சுண்டிப்போய்விட்டது. இத்தனை வருஷமாக இல்லாததை எடுத்துக் காட்டிப் பிழைத்தவருக்கு அன்றைக்குத்தான் நிஜமாக ஒன்று அகப்பட்டது, தொடப் பயந்து இரண்டடி பின்னால் போனார். தம்பிதான் எடுத்தான். உள்ளங்கை அளவு எவர்சில்வர் சம்புடம். மண்ணை விரலால் துடைத்தான். மூடியில் பேர் வெட்டியிருந்தது. ச. கயற்கண்ணி. அப்பா கல்யாணச் சீரில் ஒரு பாத்திரம் விடாமல் பேர் வெட்டச் சொல்லியிருந்தார், போன இடத்தில் எதுவும் தொலைந்துவிடக் கூடாதாம். ஒன்றும் தொலையவில்லை, எல்லாம் அவளோடு திரும்பி வந்தது. எந்தச் சூனியக்காரியாவது தன் பேர் வெட்டின பாத்திரத்தில் சூனியம் வைப்பாளா? அங்கே நின்ற முப்பது பேரில் ஒருத்தருக்காவது அது தோன்ற வேண்டாமா? பேரே போட்டிருக்கு பாருங்க, என்றார்கள். அதைப் புதைத்த அன்றைக்கு அவசரத்தில் கைக்குக் கிடைத்தது அதுதான், கழுவிக் கவிழ்த்து அடுப்படியில் இருந்தது.

மூடியைத் திறந்தால் மக்கின துணி, கறுப்புக் கயிறு, கயிற்றில் கோத்த மூன்று வேர்த்துண்டு. சம்பந்தியம்மா மார்பில் கைவைத்து உட்கார்ந்துவிட்டாள். துணி, கயிறு, வேர், வேறென்ன வேண்டும். அடிப்பாவிகளா, அது பச்சைப்பிள்ளைக் கையில் கட்டுகிற வசம்பு வளையல்! அங்கே நின்ற ஒவ்வொருத்தி கையிலும் ஒரு காலத்தில் ஆத்தாக்காரி கட்டிவிட்டதுதான். தொட்டிலில் கிடந்தால் அது வளையல், மண்ணிலிருந்து வந்தால் செய்வினை. ஏழு வருஷத்துக்கு முன்னால் ஒரு வியாழக்கிழமை, காலை பதினோரு மணி, தம்பியும் புஷ்பலதாவும் பழனியில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார்கள், மதுரை ஹாஸ்டலிலிருந்து சொல்லாமல் கொள்ளாமல் வந்து நின்றாள் பிரதீபா. காலேஜ் கடைசி வருஷம். முகம் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது. அத்தை என்றாள், பின்கட்டுக் குளியலறைக்குள் போனாள், அவ்வளவுதான், கலைந்துவிட்டது. பத்து வாரமாம். பையன் யார் என்று அவளும் சொல்லவில்லை, இவளும் கேட்கவில்லை. வா ஆஸ்பத்திரிக்கு என்று கார் கூப்பிட ஓடினவளின் சேலையைப் பிடித்துக்கொண்டு, "அத்தை, அதைக் குப்பையில போட்டுராத" என்றாள். போடவில்லை. அவள் ஷாலிலேயே ஒரு துண்டு கிழித்துச் சுற்றினாள். வந்த பிள்ளை, வெறுங்கையோடு எப்படி அனுப்புவது என்று வசம்பைத் துண்டுபோட்டுக் கோத்தாள். கயிற்றின் மறுமுனையைப் பிரதீபாதான் பிடித்துக்கொண்டாள். இதுதான், இந்த ஒன்றைத்தான் மனசு வெள்ளிக்கிழமையிலிருந்து சுற்றிச் சுற்றி வருகிறது, கயிற்றின் மறுமுனை யார் கையில் இருந்தது. தெரிந்த முகம் இருக்கக் கூடாது என்று மதுரையில் ஒரு டாக்டரிடம் காட்டிவிட்டுக் காரில் திரும்பும்போது மடியில் தலைவைத்துத் தூங்கினாள். ஒரு வார்த்தை தேங்க்ஸ் என்று சொல்லவில்லை. அதுதான் கயற்கண்ணிக்குப் பெருமையாக இருந்தது. ஆத்தாளுக்கு யாராவது தேங்க்ஸ் சொல்வார்களா? பஸ்ஸில் எழுந்து இடம் விடுகிறவனுக்குச் சொல்வது அது. பால் பாட்டிலிலிருந்து பள்ளிக்கூடத்து ரெட்டைச்சடைவரை அந்தப் பிள்ளைக்கு எல்லாம் பின்கட்டில்தான் நடந்தது, புஷ்பலதாவுக்கு ஜவுளிக்கடை வேலை, காலையில் போனால் ராத்திரிதான். தேங்க்ஸ் என்ற பேச்சுக்கே அங்கே இடமிருந்ததில்லை.

அந்தப் பிரதீபாதான் வெள்ளிக்கிழமை வயிற்றைப் பிடித்துக்கொண்டு படியில் நின்று சம்புடத்தைப் பார்த்தாள், அப்புறம் இவளைப் பார்த்தாள், அப்புறம், "ஏன் அத்தை இப்படிப் பண்ணின?" என்றாள். ஏன் அத்தை இப்படிப் பண்ணின. நடிப்பா? நடிப்பென்றால் அவ்வளவு கண்ணீர் எங்கிருந்து வரும். பயமா? பயந்தவள் வாயை மூடிக்கொண்டு நின்றிருக்கலாமே, கேட்கத்தான் வேண்டுமா, அதுவும் அத்தை என்று கூப்பிட்டு. இல்லை, நிஜமாகவே நம்பிவிட்டாளா? அடுத்தடுத்து இரண்டும் தங்காமல் போனதில், மண்ணுக்குள் இருக்கிற முதல் பிள்ளைதான் பின்னால் வந்ததையெல்லாம் இழுத்துக்கொள்கிறது என்று ராத்திரி ராத்திரியாக நினைத்து நினைத்து, அதற்கு வளையல் கட்டி உட்காரவைத்தவள் அத்தைதானே என்று ஆகிவிட்டதா? அப்படியிருந்தால்கூடத் தேவலை என்று இருக்கிறது, நடிப்பைவிட அது தேவலை. இன்னொன்று. புஷ்பலதா அந்தத் துணியை இரண்டு விரலால் விரித்துப் பார்த்தாள். மக்கியிருந்தாலும் மடிப்புக்குள்ளே பூ தெரிந்தது, ஊதாவில் வெள்ளைப் பூ. அவள் வேலைபார்த்த கடையிலேயே மகளுக்குத் தீபாவளிக்கு எடுத்த சுடிதார் ஷால் அது. இரண்டு நிமிஷம் பார்த்தாள், சட்டென்று மடித்தாள், அதற்கப்புறம்தான் அவள் குரல் அப்படி ஏறியது, "கூடவே இருந்து குழி பறிச்சுட்டீங்களே மதினி!" அப்போ அவளுக்கும் தெரிந்துவிட்டதா? தெரிந்துதான் கத்தினாளா? அந்த வீட்டில் ஆளாளுக்குத் தெரிந்தும், ஆளாளுக்கு ஒரு சூனியக்காரி தேவைப்பட்டுவிட்டாள் என்றால் அப்புறம் யாரிடம் போய் என்ன பேசுவது. துணியும் கயிறும் இன்னும் எரிக்கப்படவில்லை, மஞ்சள் பையில் முடிந்து முன்கட்டு ஆணியில் தொங்குகிறது. இவள் நட்டு, வாய்விட்டுச் சொன்ன பிறகுதான் முச்சந்தியில் எரிப்பாராம். சம்புடம் எரியாது, அதை அவரே கொண்டுபோவாராம். அவர் வீட்டில் இனி அது சீரகம் போட்டுவைக்க ஆகும், ச. கயற்கண்ணி என்று மூடியில் பேரோடு.

"துளசி பாருங்கக்கா, புதுசா வந்திருக்கு" என்றாள் லூர்தம்மா தூரத்திலிருந்து. துளசி வேண்டாம். சூனியக்காரி துளசி நட்டால் ஊரே சிரிக்கும், இவ்வளவு பண்ணிட்டுத் துளசி வைக்கிற மூஞ்சியைப் பாரு என்பார்கள். கற்பூரவல்லி வேண்டாம், அதன் வாசனை முழுக்கப் பிரதீபாவின் மூக்குச்சளி. நொச்சி இருக்கிறது, வெட்டின நொச்சிக்குப் பதில் நொச்சியே, ஆனால் அது எடுத்ததாக ஆகாது, திரும்ப வைத்ததாக ஆகும். பேய்மிரட்டி. பேரைப் பார், பச்சை இலையைத் திரித்து விளக்கில் போட்டால் திரி மாதிரி எரியும், சின்ன வயசில் பிரதீபாவுக்கு அது பெரிய வேடிக்கை, இன்னொண்ணு அத்தை, இன்னொண்ணு. இதை வாங்கிப் போய் நட்டால் பேயே பேய்மிரட்டி நடுகிறது என்று சுவருக்கு மேலிருந்து பேச்சு வரும். சரி, கூப்பிடுகிற பேருக்கு ஒரு தோட்டம் போட்டுத்தான் பார்ப்போமே, ஒரு செடி என்ன, முழுசாக! வாசலில் எருக்கு, பால் வடிய வடிய, யாரும் உரசிக்கொண்டு உள்ளே வர முடியாதபடி. சுவர் நெடுக அரளி. ஆடுதீண்டாப்பாளை, ஆடே தீண்டாது, தெரு தீண்டுமா. கரூர்ப் பக்கத்துச் சுவரில் குன்றிமணிக் கொடி, சம்பந்தியம்மா வரும்போது சிவப்பும் கறுப்புமாகக் கண்ணை உருட்டட்டும். நடுவில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொள்வாள். இதில் எது யாருக்கு என்று மனசு ஒரு நொடி பிரித்துப் பார்த்தது, பார்த்ததும் அவளுக்கே உள்ளங்கை வேர்த்துவிட்டது. கெட்டதைத் தெரிந்துவைத்திருக்கிறது இந்தக் கை, இருபத்தெட்டு வருஷமாக நல்லதைக் கொடுக்கக் கற்றது அதோடு சேர்த்துத்தானே கற்றது. சேலையில் கையைத் துடைத்துக்கொண்டாள்.

அந்தப் பயம் புதுசு இல்லை. பிரதீபா கல்யாணத்தில் தாலி கட்டுகிற நேரம் மேடைக்குக் கீழே மூன்றாவது வரிசையில் இவளை உட்காரவைத்தார்கள். வாழாவெட்டி, மேடைக்கு வந்தால் நல்லாயிருக்காதாம், புஷ்பலதா காதோடு சொன்னாள், தம்பி அந்தப் பக்கம் திரும்பி நின்றான். மேளம் கொட்டும்போது வயிறு எரிந்தது. என்னை ஒதுக்கிட்டு நீங்க எப்படி நல்லா இருந்துருவீங்க, என்று ஒரு நினைப்பு ஓடியது. ஒரே ஒரு நினைப்பு, அட்சதை போடுகிற நேரத்துக்குள் ஓடி மறைந்தது. அடுத்த வருஷம் முதலாவது கலைந்தது. அதற்கடுத்த வருஷம் இன்னொன்று. இவள் விஞ்ஞானம் படித்தவள் இல்லை, ஆனாலும் நினைப்பால் கர்ப்பம் கலையாது என்று தெரியாதவளும் இல்லை. தெரிந்தும் என்ன, ஆஸ்பத்திரி ஜன்னலில் உட்கார்ந்திருக்கும்போது, பஸ்ஸில் கம்பியைப் பிடித்து நிற்கும்போது, அந்த மேளச் சத்தம் வந்து, அந்த நினைப்பு வந்து, அந்த இரண்டு பிள்ளைகளும் வரும். ஒருவேளை ஊர் சொல்வது சரியாக இருந்தால்? புதைத்தது செய்வினை இல்லை, வயிறெரிந்ததுதான் செய்வினை என்றால்? செவ்வாய்க்கிழமை பிரதீபா பின்வாசலுக்குத் தனியாக வந்து நின்றாளே, அப்போது இதைச் சொல்லிவிடலாம் என்றுகூட இருந்தது. அவள் உட்காரவில்லை. நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றபடி, "நீ ஒத்துக்கிட்டா முடிஞ்சிரும் அத்தை" என்றாள். "எங்க மாமியார் அந்தத் துணியவே பாத்துட்டு இருக்கு. இது வயசுப்பிள்ளைங்க போடுற துணி மாதிரில்ல இருக்கு, யாருதுன்னு கேக்குது. நீ சொல்லிட்டா எரிச்சிருவாங்க. அவருக்குத் தெரிஞ்சா என்னைய வீட்டை விட்டு அனுப்பிருவாங்க அத்தை." அவர் என்றால் புருஷன். "அப்ப நான்?" என்று கேட்டாள் கயற்கண்ணி. "உனக்கு என்ன அத்தை ஆகப்போகுது" என்றாள் பிரதீபா.

உண்மைதான், என்ன ஆகப்போகிறது. ஐம்பத்து நாலு வயசு, பின்கட்டு, பென்ஷனுக்கு நாலு வருஷம். சூனியக்காரி என்று ஒரு பேர் கூடுதலாக. வளைகாப்புக்குக் கூப்பிட மாட்டார்கள், முன்னாலும் கூப்பிட்டிருக்க மாட்டார்கள். பிறக்கிற பிள்ளையை மொட்டையடித்துக் காது குத்துகிறவரை இவள் தொடக் கூடாது, நிழல்கூட விழக் கூடாது என்று சம்பந்தியம்மா சொல்லியாயிற்று, எல்லாரும் சரி என்று தலையாட்டியாயிற்று. அதுதான், அது ஒன்றுதான் தொண்டையில் இறங்காமல் நிற்கிறது. ஒரே ஒரு வரி போதும். குழிக்குப் பக்கத்தில் நின்று, அது உங்க மருமக பிள்ளைம்மா, என்று ஒரு வரி. நாக்கில் வைத்துப் பார்த்தாள், காரமாக இருந்தது, நன்றாகவும் இருந்தது. ரோஜாத் தொட்டிகளுக்கு நடுவில் உதடு அசைத்து மெல்லச் சொல்லியே பார்த்தாள். பக்கத்தில் குரோட்டன்ஸ் பார்த்துக்கொண்டிருந்த ஒரு அம்மா திரும்பிப் பார்த்தாள். "ஒண்ணுமில்ல, செடி பேரு" என்றாள் கயற்கண்ணி. சொல்ல மாட்டாள், அவளுக்கே தெரியும். சொல்லாத தைரியத்தில்தான் மனசு இவ்வளவு கொதிக்கிறது.

நர்சரியின் கடைசியில், தண்ணீர்க் குழாய் ஒழுகுகிற இடத்தில், ஒரு பழைய சிமெண்டுத் தொட்டி. சேறு. சேற்றில் வாள் வாளாகப் பச்சை இலை. புல் என்றுதான் யாரும் நினைப்பார்கள். குனிந்து ஒரு இலையைக் கசக்கி முகர்ந்தாள், அவ்வளவுதான், குளியலறைக்கு வெளியே அம்மியடியில் உட்கார்ந்து துண்டுபோட்ட அந்தக் காலை முழுக்க மூக்குக்குள் வந்துவிட்டது. வசம்பு. பொழுது சாய்ந்தால் பொம்பளைகள் இதன் பேரைச் சொல்ல மாட்டார்கள், நாட்டு மருந்துக் கடையில்கூடப் பேர் சொல்லாதது கொடுங்கள் என்றுதான் கேட்பார்கள். இத்தனை நேரம் வரிசை வரிசையாகச் சுற்றினதெல்லாம் இங்கே வந்து நிற்கத்தான் போல. வேறென்ன செடி? அந்தக் குழிக்கு இதைத் தவிர எது பொருந்தும்? எரிக்கப்போகிறார்கள், எரிக்கட்டும், வளையலுக்குப் பதில் செடியாகவே இருக்கட்டும். போன் அடித்தது. பிரதீபா. மாடிக்கு வந்து பேசுகிறாள், காற்றுச் சத்தம் கேட்டது. "அத்தை, எடுத்துட்டியா?" "பாத்துட்டு இருக்கேன்." "அத்தை... அதை மட்டும் வாங்கிராத." "எதை?" என்றாள், எதை என்று தெரிந்தே. "அதான். பேர் சொல்லாதது." கொஞ்சம் மூச்சு வாங்கினாள். "அதை நட்டா யாருக்காச்சும் பொறி தட்டிரும் அத்தை. வளையல்னு புரிஞ்சிரும். எங்க மாமியார் சும்மாவே துருவுது." கயற்கண்ணி தொட்டியைப் பார்த்துக்கொண்டே நின்றாள். இவளைப் பெறாமல் பெற்றதில் ஒரு பலன், இந்த அத்தை எந்தச் செடிக்கு முன்னால் போய் நிற்பாள் என்று எட்டு மைலுக்கு அப்பாலிருந்து சொல்லிவிடுகிறாள். "சரி" என்றாள். அப்புறம், கேட்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே கேட்டாள், "உன் பிள்ளைக்கு யாருடி கோப்பா?" "எதை?" "வளையல்." "அதெல்லாம் கடையில ரெடிமேடா விக்கிது அத்தை" என்றாள் பிரதீபா, ஆறுதல் சொல்கிற குரலில், "நீ அதுக்கெல்லாம் கவலைப்படாத." வைத்துவிட்டாள்.

நர்சரி வேலிக்கு வெளியே எருக்குழி. அதன் ஓரத்தில், யாரும் நடாமல், யாரும் தண்ணீர் ஊற்றாமல், முழங்கால் உயரத்துக்கு ஒரு கருஊமத்தை செழித்து நின்றது, முள் காயும், ஊதாத் தண்டும், திறந்த வாயோடு இரண்டு பூவும். கயற்கண்ணி அதற்கு முன்னால் உட்கார்ந்தாள். வேரைச் சுற்றி விரலால் மண்ணைத் தோண்டினாள். மூலிகை பறிக்கிறதுக்கு முன்னால் அதனிடம் மன்னிப்புக் கேட்டு, சாபம் தீரச் சொல்லிவிட்டுத்தான் கையை வைக்க வேண்டும், மஞ்சள் கயிறு கட்ட வேண்டும், இருபத்தெட்டு வருஷத்தில் ஒரு தடவை அதைத் தவறவிட்டதில்லை. இன்றைக்குக் கயிறும் இல்லை, கேட்கவும் இல்லை, சாபம் இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும், இனிமேல் புதுசாக என்ன. லூர்தம்மா ஓடி வந்தாள். "அய்யய்யோ, இது எதுக்குக்கா? ஊமத்தை! இதுக்கு யாராச்சும் நர்சரிக்கு வருவாங்களா, போற வழியில குப்பைமேட்டுல நிக்குமே." "இதான் வேணும்" என்றாள். "வீட்ல பிள்ளைகுட்டி இருந்தா பாத்துக்கோங்கக்கா, ஆபத்து." "பிள்ளைகுட்டி யாரும் என்கிட்ட வர மாட்டாங்க" என்றாள் கயற்கண்ணி. லூர்தம்மா ஒரு கறுப்புக் கவர் எடுத்து வந்து கொடுத்தாள், தான் தொடவில்லை. செடியை அதில் இறக்கி மண் போட்டாள். குழாயில் கை கழுவப் போகிற சாக்கில் தொட்டியடியில் குனிந்து, சேற்றுக்குள் விரலை விட்டு, வசம்பு வேரில் ஒரு கட்டைவிரல் நீளம் ஒடித்தாள். கவருக்குள், ஊமத்தை வேருக்கு அடியில், மண்ணைத் தள்ளித் திணித்தாள். வசம்பு சேற்றில் வாழ்கிறது, பின்கட்டு வறட்டு மண்ணில் நாலு நாள் தாங்காது, காய்ந்துதான் போகும். தெரிந்தேதான் திணித்தாள்.

ஆட்டோவுக்குக் கை காட்டும்போது மறுபடி போன். புஷ்பலதா. "மதினி, மணி பதினொண்ணேகால் ஆச்சு. எல்லாரும் உக்காந்திருக்காங்க. எடுத்தாச்சா?" "ஆச்சு." "என்ன செடி?" "ஊமத்தை." புஷ்பலதா போனைத் தள்ளிப் பிடித்துக்கொண்டு மற்றவர்களிடம், "கேட்டீங்களா, ஊமத்தையாம்! நான் சொல்லல?" சம்பந்தியம்மா முருகா முருகா என்பது கேட்டது. எடுக்கிறவர் என்னவோ சொன்னார், தெளிவாக இல்லை, தோது சரியாக அமைந்த சந்தோஷம் மட்டும் தெரிந்தது. தம்பி குரல் எங்கேயும் இல்லை. போன் கை மாறியது. மூச்சு வந்தது முதலில், பிறந்த நாளிலிருந்து அவளுக்குத் தெரிந்த மூச்சு. "அத்தை" என்றாள் பிரதீபா. மெதுவாக, யாருக்கும் கேட்காமல், அழுகையும் நிம்மதியுமாக, "தேங்க்ஸ் அத்தை" என்றாள். கயற்கண்ணி கவரை இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டாள். "இருக்கட்டும்மா" என்றாள், ஜன்னலில் மருந்து வாங்குகிறவர்களிடம் சொல்கிற அதே குரலில். வர்றேன் என்று சொல்ல வந்தவள், சொல்லாமல் போனை வைத்துவிட்டு ஆட்டோவில் ஏறினாள்.